கார்பன் ஃபைபர் பிடி போட்ட மடக்குக் கத்தி: வாங்குவது முதல் சாணை வரை

கார்பன் ஃபைபர் பிடி போட்ட மடக்குக் கத்தி வாங்கியவர்களில் பலர் அந்தப் பளபளக்கும் பிடியைத்தான் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். பிடிக்கு அவ்வளவு கவனிப்பு தேவையில்லை. அது துருப்பிடிக்காது, மரப்பிடி மாதிரி ஈரத்தில் உப்பாது. கத்தி கெடுவது வேறு இடங்களில்: அலகு திரும்பும் அச்சில், பூட்டில், பொடிப்பொடி ஸ்க்ரூக்களில், கூர்விளிம்பில். அதனால் இந்த வழிகாட்டியில் பிடியைப் பற்றிக் கொஞ்சமும் மற்றதைப் பற்றி நிறையவும் இருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாங்காய்ப் பால், புளி, செம்மண் தூசி, கிரானைட் தூசி என்று கத்திக்கு ஆகாதவை எல்லாம் நம் ஊரில் தாராளம்.

முதலில் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. கார்பன் ஃபைபர் என்பது 5 முதல் 10 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழைகளைத் துணியாக நெய்து, எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அழுத்தி இறுக்கிய தகடு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம். டைட்டானியம் 4.5, எஃகு 7.8. சட்டைப் பையில் கத்தி இருப்பதே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். கார்பன் ஃபைபரோ 1960-களில்தான் உருப்படியான பொருளாக ஆனது. உங்கள் கத்தியில் இந்த இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பராமரிப்பில் பாதி வேலை, இவை சந்திக்கும் இடத்தைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதுதான்.

வாங்கும்போது

ஆன்லைனில் கார்பன் ஃபைபர் என்று விற்பவற்றில் மூன்று வகை உண்டு. ஒன்று, முழுத் தகடும் கார்பன். இரண்டு, உள்ளே ஜி10 என்னும் கண்ணாடி இழைத் தகடு, மேலே மட்டும் மெல்லிய கார்பன் படலம். மூன்று, பிளாஸ்டிக் மேல் பின்னல் டிசைனை அச்சடித்த ஏமாற்று. இரண்டாவது வகை மோசமில்லை, விலை அதற்கேற்ற மாதிரி இருந்தால் சரி. மூன்றாவதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி விளிம்பைப் பார்ப்பது. பிடியின் ஓரத்தைச் சரிவாக இழைத்த இடத்தில், உண்மையான கார்பனாக இருந்தால் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைகோடுகளாகத் தெரியும். அச்சடித்ததாக இருந்தால் டிசைன் அங்கே இழுபட்டு நிற்கும், இல்லையென்றால் சட்டென்று முடிந்துவிடும். கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஜி10 கடத்தாது. மேலே பிசின் படலம் இருப்பதால் மேற்பரப்பில் வைத்தால் ஒன்றும் காட்டாது. ஸ்க்ரூவைக் கழற்றி, துளையின் உள்ஓரத்தில் இழை வெளியே தெரியும் இடங்களில் இரண்டு முனைகளையும் வையுங்கள்.

அடுத்தது எஃகு. இந்த மாதிரிக் கத்திகளில் அடிக்கடி வரும் எஃகு வகைகள் டி2, 14சி28என், 9சிஆர்18எம்ஓவி, விலையில் கொஞ்சம் மேலே போனால் எஸ்35விஎன், எம்390. நம் ஊருக்கு என்னைக் கேட்டால் 14சி28என். டி2 கூர்மையை நீண்ட நாள் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும், அதில் ஒரு பெரும் பங்கு எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுப்பட்டுவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. மாங்காய் வெட்டுகிற கைக்கு அது ஒத்துவராது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய், உர மூட்டை, கயிறு மட்டும் வெட்டுவீர்கள் என்றால் டி2 தாராளமாக வாங்கலாம்.

பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லைனர் லாக் வகையில், கத்தியைத் திறந்ததும் உள்ளிருக்கும் எஃகுப் பட்டை அலகின் அடிப்பகுதியில் போய் முட்டி நிற்கும். அது அடிப்பகுதியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பிடித்திருந்தால் நல்லது. ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வேண்டாம். எதிர்ப்பக்கத் தகடு வரை போய்விட்டாலும் வேண்டாம், தேய்வதற்கு இனி இடமில்லை என்று அர்த்தம். மூடிய நிலையில் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கார்பன் தகடுக்கு அடியில் எஃகு லைனர், அதாவது பிடியின் உள்பக்கம் வரும் மெல்லிய தகடு, இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். லைனர் இல்லாத முழுக் கார்பன் பிடி எடை குறைவு, ஆனால் இறுக்கிப் பிடித்தால் லேசாக வளையும். விவசாய வேலைக்கு லைனர் உள்ளதே மேல்.

சட்டம்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் விலக்கு. மூன்று, மூன்றரை அங்குல மடக்குக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடாது. கோர்ட், கலெக்டர் அலுவலகம், கட்சிக் கூட்டம், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களுக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு போய் மெட்ரோ ஏறுபவர்கள் பை ஸ்கேனரை மறக்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தனியாக ஒரு விஷயம் உண்டு. காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்தில் கத்தியும் சேர்ந்திருக்கிறது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போவது அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி தவறு. பழம் வெட்டத்தானே என்று செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, காட்டுப் பக்கம் போகும் நாளில் கத்தியை எடுக்காமலே கிளம்பலாம்.

பெட்டியைத் திறந்ததும்

புதுக் கத்தியில் தொழிற்சாலை எண்ணெய் வழிய வழிய இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம், பழைய டூத்பிரஷ். திறந்த நிலையில் தேய்த்து அலசி, துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அச்சின் இரண்டு பக்கமும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

எந்த எண்ணெய் என்று பெரிய விவாதமே நடக்கும். பழம் வெட்டுவீர்கள் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். வாசனை இல்லை, வயிற்றுக்குள் போனாலும் பயமில்லை, விலையும் குறைவு. தையல் மிஷின் எண்ணெயும் நன்றாக வேலை செய்யும், சாப்பாட்டுப் பொருள் தொடாத கத்திக்கு. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுவென்று ஆகி, தூசியைப் பிடித்து, அச்சே இறுகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் உதவும், அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் விட முடியாது.

மூடிப் பழகுவதும் இந்த நேரத்தில்தான். லைனர் லாக்கை விடுவிக்கும் கட்டைவிரல் அலகு இறங்கும் பாதையிலேயே இருக்கிறது. பூட்டைத் தள்ளி, அலகைக் கால்வாசி மடக்கி, கட்டைவிரலை எடுத்துவிட்டு, பிறகுதான் முழுதாக மூட வேண்டும். சினிமாவில் வருவது மாதிரி மணிக்கட்டைச் சுண்டித் திறப்பது பார்க்க அழகுதான், பூட்டு தேய்வதும் அதனால்தான்.

மாங்காய் சீசனில்

பெங்களூரா மாங்காயைக் காம்போடு பறித்து வெட்டும்போது காம்பிலிருந்து பீய்ச்சும் பால் தோலையே சுட்டுப் புண்ணாக்கிவிடும். எஃகிலும் கறை போடும். அது போதாதென்று நாம் நறுக்கிய துண்டை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டு, அந்த உப்புக் கையோடே கத்தியை மடக்கிப் பையில் போடுகிறோம். புளிப்பும் உப்பும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து அலகுக்குள்ளும் அச்சுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கும். டி2 அலகாக இருந்தால் மறுநாளே கறுப்புப் புள்ளிகள் தெரிய வாய்ப்பு உண்டு.

இங்கே கார்பனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கார்பன் மின்கடத்தி என்று சொன்னேன் அல்லவா? உப்புத் தண்ணீர் இடையில் வந்தால், கார்பனை ஒட்டியிருக்கும் உலோகம் கொஞ்சம் வேகமாக அரிக்கப்படும். ஸ்டெயின்லெஸ் லைனரில் இது பெரிதாகத் தெரியாது. பிடியின் முதுகில், இரண்டு தகடுகளுக்கும் நடுவே அலுமினியத் துண்டு போட்ட கத்திகளில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். வியர்வையும் உப்புத் தண்ணீர்தான் என்பதால், பேன்ட் பையிலேயே கத்தி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியது இது.

ஆகவே வெட்டி முடித்த உடனே தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் கிடைக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணி. மாம்பழச் சாறு அச்சுக்குள் போய் உலர்ந்துவிட்டால் சர்க்கரைப் பசையாகி அலகு தடவிக்கொண்டு திறக்கும். எண்ணெய் விட்டு ஓட்டப் பார்க்காதீர்கள், சர்க்கரை எண்ணெயில் கரையாது. வெந்நீரில் கரையும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, அதற்குள் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினால் இளகிவிடும். அப்புறம் நன்றாக உலர்த்தி எண்ணெய்.

பஞ்சர் கடைக் காற்றை அச்சுக்குள் அடித்து உலர்த்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. யோசனை நல்லதுதான், ஆனால் அந்தக் குழாயில் தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வரும். முதலில் வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

சந்தூர் பக்கம் நர்சரி வைத்திருப்பவர்கள், இதை ஒட்டுக் கட்டப் பயன்படுத்தலாமா என்று நினைக்கலாம். ஒட்டுக் கத்தி ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, அதனால்தான் வெட்டு தட்டையாக விழுகிறது. மடக்குக் கத்தி பெரும்பாலும் இரு பக்கமும் தீட்டியது. கவாத்துக்கும் பாலிதீன் நாடா வெட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், கார்பன் பிடிக்கு அதனால் கெடுதல் இல்லை.

பிரித்துத் துடைத்தல்

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். குவாரி, செங்கல் சூளை, டிராக்டர் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படும். சில நிறுவனங்கள் பிரித்தால் வாரன்டி கிடையாது என்று சொல்லும், முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

1. தேவை டி6, டி8 அளவில் டார்க்ஸ் எனப்படும் நட்சத்திர வடிவ ஸ்க்ரூடிரைவர் முனைகள். சில கத்திகளில் அச்சுக்கு டி10 வரும். ஓசூரில் தொழிற்சாலைகளுக்குச் சாமான் விற்கும் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். மொபைல் ரிப்பேர் செட்டில் வரும் மட்டமான முனைகள் ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிடும்.

2. வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் வேலை செய்யுங்கள். கழற்றுவதற்கு முன்பும் ஒவ்வொரு பாகம் கழன்ற பிறகும் போனில் ஒரு படம். வாஷர்கள் எந்தப் பக்கம் எது என்பது பிறகு நினைவில் நிற்காது.

3. ஸ்க்ரூ அசையவில்லை என்றால் தொழிற்சாலையில் பசை போட்டிருப்பார்கள். இங்கேதான் கார்பன் பிடிக்கு உண்மையான ஆபத்து. ஹீட் கன், லைட்டர் எதையும் காட்டாதீர்கள். எபாக்சி சூட்டில் இளகி அடுக்கு பிரிந்துவிடும். சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் சில விநாடி வைத்து எடுத்து, உடனே திருப்புங்கள்.

4. வாஷர்கள் வெண்கலமாக இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்தால் புதிதாகிவிடும். பால் பேரிங் வகையாக இருந்தால் அதன் கூண்டைக் கிண்ணத்துக்குள் வைத்துக் கழுவுங்கள். குண்டு ஒன்று தரையில் உருண்டால் அதோடு போச்சு.

5. பூட்டும்போது எண்ணெய் வாஷருக்கு மட்டும். பூட்டுப் பட்டை அலகைத் தொடும் முகத்தில் எண்ணெய் படக்கூடாது, வழுக்கிவிடும்.

6. உடல் ஸ்க்ரூக்களைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அழுத்தி முறுக்கினால் மரை போகும், அல்லது கார்பன் துளையைச் சுற்றி விரியும்.

7. கடைசியாக அச்சு ஸ்க்ரூ. அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் நிற்கும் வரை முடுக்கி, அலகு தடையின்றித் திரும்பும் அளவுக்கு மயிரிழை தளர்த்துங்கள். இந்தப் புள்ளியைப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிடித்துவிட்டால் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கரில் நீல நிறத்தைக் குண்டூசி முனையளவு வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு நிறம் வேண்டவே வேண்டாம், அதைக் கழற்றச் சுமார் 250 டிகிரி சூடு கேட்கும்.

பூட்டிய பிறகு, விரல்களை விலக்கி வைத்துக்கொண்டு, திறந்த அலகின் முதுகை மேஜை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தியை உபயோகிக்காதீர்கள்.

சாணை

சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாளையும் அருவாமணையையும் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அவர் கைவேலையில் குறை இல்லை. தண்ணீர் இல்லாமல் சுழலும் கல்லில் மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் சூடேறி, பதம் இறங்கிவிடும். விளிம்பில் நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் அந்த இடம் இனி கூர் நிற்காது.

வீட்டில் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் உள்ள கல் ஒன்று போதும் (எண் கூடக்கூடக் கல் நைசு). டி2, எம்390 போன்ற கெட்டியான எஃகுக்கு டயமண்ட் தகடு இருந்தால் நேரம் மிச்சம். கோணம் பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி. அலகின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து ஏழிலிருந்து எட்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் நாணயங்களை அடுக்கி அந்த உயரத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம். கூர்விளிம்பில் மார்க்கர் மை தடவி இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிகிறது என்பதைப் பார்த்தே கோணம் சரியா தவறா என்று தெரியும்.

ஒரு பக்கமே தொடர்ந்து தேய்த்துக்கொண்டு வாருங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் விரலை உள்ளிருந்து வெளியே தடவினால், நகத்தில் மாட்டும் பிசிறு ஒன்று அடியிலிருந்து நுனிவரை தட்டுப்பட வேண்டும். பலர் அது வருவதற்கு முன்பே பக்கம் மாற்றிவிடுவதால்தான் மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வருவதில்லை. பிசிறு வந்ததும் மறுபக்கம், அங்கேயும் வந்ததும் 1000 கல்லில் இரண்டு பக்கமும் லேசான கையால். முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் உலோகத்தை மெருகேற்றும் பச்சை நிற பாலிஷ் தேய்த்து, முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு. செய்தித்தாளை நின்றவாக்கில் பிடித்து வெட்டிப் பாருங்கள், எங்கே கிழிகிறதோ அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது.

சாணை முடிந்ததும் கத்தியைத் திறந்தபடியே அலசுங்கள். கல்பொடி அச்சில் தங்கினால் வாஷரை அரைத்துவிடும்.

பிடியில் அடி பட்டால்

கல்தரையில் விழுந்து ஓரத்தில் சின்னதாகத் தெறித்திருந்தால், நீர்த்த சூப்பர் குளூவை ஒரு துளி விட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் இழை பிரிந்து கையில் சிலாம்பு ஏறும், அது எடுக்கக் கஷ்டமான சிலாம்பு. மேலோட்டமான கீறலை 1000, பிறகு 2000 உப்புத்தாளால், தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. கார்பன் பொடி மூச்சில் போனால் கெடுதல், தோலில் பட்டால் அரிப்பு. ஈரமாகத் தேய்க்கும்போதும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மொத்தென்றும் கேட்கும். பிரிந்திருந்தால் ஒட்டுப் போடாமல் தகட்டையே மாற்றுவது நல்லது.

தின்னரும் அசிட்டோனும் பிடிக்கு ஆகாது, பளபளப்பு மங்கும். கார் டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைத்தால் புற ஊதாக் கதிர் பிசினை நாளடைவில் மஞ்சளாக்கும்.

எடுத்து வைக்கும்போது

தோல் உறையில் வைத்து மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு ஓசூர்ப் பக்கம் சுவரே வியர்க்கும் நாட்களில் இது இன்னும் மோசம். அலகில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, மூடியுள்ள டப்பா. மேலாகத் துரு தெரிந்தால் சோடா மாவைக் குழைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஆயுத பூஜைக்கு வைப்பவர்கள் சந்தனத்தையும் குங்குமத்தையும் பிடியில் இடுங்கள், அலகில் வேண்டாம். அச்சு ஸ்க்ரூவின் மேல் கட்டாயம் வேண்டாம், ஸ்க்ரூவின் நட்சத்திரக் குழியில் சந்தனம் காய்ந்தால் ஊசியால்தான் நோண்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்படியே அலகில் இட்டுவிட்டால், விஜயதசமி அன்று காலை கத்தியை எடுத்து வைக்கும்போதே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிவிடுங்கள்.